உங்கள் சின்ன தளத்துக்கு யார் வருகிறார்கள்? வருகைக் கணக்கைப் படிக்கும் விதம்

பொழுதுபோக்குக்காக ஒரு தளம் நடத்துபவர் எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் குழப்பம் வரும். ஹோஸ்டிங் பேனலைத் திறந்தால் நேற்றைக்கு 4,000 என்று காட்டுகிறது. தளத்தில் ஒட்டி வைத்திருக்கும், வருகையை எண்ணும் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டைக் கேட்டால் 60 பேர் என்கிறது. கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலோ 25 கிளிக் என்று முடித்துக்கொள்கிறது. ஒரே தளம், ஒரே நாள். எது பொய் சொல்கிறது என்று தேட ஆரம்பிப்போம். உண்மையில் மூன்றுமே சரியாகத்தான் எண்ணியிருக்கும், ஆனால் எண்ணிய பொருள்தான் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் ஒன்று வீணாக மகிழ்வார்கள், இல்லை வீணாக மனம் உடைந்து தளத்தையே மூடிவிடுவார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பெரிய எண். தளம் இருக்கும் சர்வர், தன்னிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதிவைக்கும். கேட்டவரின் ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பின் எண்), நேரம், எந்தக் கோப்பு, அதற்கு என்ன பதில் போனது (கிடைத்தால் 200, இல்லாவிட்டால் 404, மாறவில்லை என்றால் 304), எத்தனை பைட், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், என்ன உலாவி. அவ்வளவுதான் ஒரு வரி. இந்த வரிகள் சேரும் கோப்புதான் லாக், வரிகளின் எண்ணிக்கைதான் ஹிட். இப்போது பழைய வால்வு ரேடியோவைப் பழுது பார்ப்பது பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதி 15 படம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதைத் திறந்தால் பக்கம் ஒன்று, வடிவமைப்புக் கோப்பு ஒன்று, ஸ்கிரிப்ட் இரண்டு, படம் 15, உலாவி தானாகக் கேட்கும் குட்டி ஐகான் ஒன்று, ஆக 20 ஹிட். வந்தது ஒரே ஆள். 1990-களில் இணையதளங்கள் ஹிட் கணக்கைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டதன் ரகசியம் இதுதான், படம் கூடக்கூடப் புகழும் கூடும்.

ஹிட்டிலிருந்து படங்களையும் மற்ற துணைக் கோப்புகளையும் கழித்தால் பக்கப் பார்வை கிடைக்கும். அந்தப் பார்வைகளை ஆள்வாரியாகச் சேர்த்துக் கட்டினால் ஒரு வருகை. இங்கேதான் முதல் யூகம் நுழைகிறது. ஒருவர் பக்கத்தைத் திறந்துவிட்டு எழுந்து போய் ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பக்கத்தைத் தட்டினால் அது ஒரே வருகையா, இரண்டா? கூகுள் அனலிட்டிக்ஸ் 30 நிமிடம் சும்மா இருந்தால் வருகை முடிந்தது என்று வைத்துக்கொள்கிறது. பல ஹோஸ்டிங் பேனல்களில் கூடவே வரும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒரு மணி நேரம் வரை பொறுக்கும். ஆக ஒரே லாகைக் கொடுத்தாலும் இரண்டு மென்பொருள் இரண்டு எண் சொல்லும்.

அதற்கு அடுத்ததுதான் எல்லாரும் ஆசையாகப் பார்க்கும் எண், தனி வருகையாளர்கள். இது வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே இத்தனை பேர் என்று சொல்கிற கணக்கு. லாகை வைத்து எண்ணும் கருவிகளுக்கு ஐபி முகவரிதான் செருப்பு. ஆனால் மொபைல் நிறுவனங்கள் நிறைய பேரை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன, ஒரு அலுவலகமே ஒரு முகவரியில் வெளியே வரும். இன்னொரு பக்கம் ஒரே ஆள் காலையில் வீட்டு வைஃபை, வழியில் மொபைல் டேட்டா, அப்புறம் அலுவலகக் கணினி என்று மூன்று முகவரியில் வருவார். உலாவியில் தளம் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பான குக்கீயை வைத்து எண்ணினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. சஃபாரி உலாவி 2019 முதல், பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை ஐபோனில் உங்கள் தளத்தை எட்டிப்பார்க்கும் விசுவாசமான வாசகர் ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே பதிவாவார். உங்களுக்குப் பழைய வாசகர்கள் நிலைப்பதே இல்லை என்று அறிக்கை சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

குக்கீயே வேண்டாம் என்று இயங்கும் பிளாசிபிள் போன்ற கருவிகள் வேறு வழியில் போகின்றன. ஐபி முகவரி, உலாவி விவரம், இவற்றோடு தினமும் மாறும் ஒரு ரகசிய எண்ணையும் கலந்து ஓர் அடையாளம் உருவாக்கி, நாள் முடிந்ததும் அந்த எண்ணைத் தூக்கிப்போட்டுவிடும். தனியுரிமைக்கு இது நல்லது, எனக்கும் பிடித்த அணுகுமுறை. ஆனால் விளைவு தெரிந்திருக்க வேண்டும்: ஒரே ஆள் மாதத்தில் ஐந்து நாள் வந்தால் ஐந்து பேர். தினசரி எண்ணை நம்பலாம், மாத எண்ணை ஆள் கணக்காக நினைக்கக் கூடாது.

சரி, 4,000-க்கும் 60-க்கும் இடையே இருக்கும் பள்ளத்தை ஹிட் கணக்கு மட்டும் நிரப்பாது. மீதியை நிரப்புவது பாட்கள், அதாவது மனிதர் இல்லாமல் தானாகத் தளங்களைத் திறக்கும் நிரல்கள். பெரிய தளங்களில் மனிதக் கூட்டத்தில் இவை ஓரளவு மறைந்துவிடும். சின்ன தளத்தில் அப்படி இல்லை, பாட் கூட்டத்தில்தான் மனிதர்களைத் தேட வேண்டும். ஏனென்றால் பாட் வருவதற்கு உங்கள் தளம் பிரபலமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, டொமைன் ஒன்று இருந்தால் போதும்.

இவற்றில் பல சாதிகள். கூகுள்பாட், பிங்பாட் போன்ற தேடுபொறி பாட்கள் வேண்டியவை, அவை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். யார் யாருக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து விற்கும் நிறுவனங்களின் பாட்கள் தினமும் தளத்தையே மேய்ந்துவிட்டுப் போகும், உங்களுக்கு அதனால் பைசா பயனில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றின் மொழி மாதிரிகளுக்கு உரை திரட்டும் பாட்கள் அடுத்து வந்தவை. ஓபன்ஏஐ தன் ஜிபிடிபாட்டை 2023 ஆகஸ்டில் அறிவித்தது, ஆந்த்ரோபிக்கின் கிளாட்பாட், அமேசானின் அமேசான்பாட், காமன் க்ரால் அமைப்பின் சிசிபாட் எல்லாம் இன்று எந்தச் சின்ன தளத்தின் லாகிலும் கண்ணில் படும். இவற்றை வரவேண்டாம் என்று சொல்ல ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பு இருக்கிறது. நிரலாளர் மார்ட்டைன் கோஸ்டர் 1994-இல் முன்வைத்த யோசனை அது, 2022-இல்தான் ஆர்எஃப்சி 9309 என்று முறையான தரமாக வந்தது. ஆனால் அது வேண்டுகோள் பலகைதான், பூட்டு இல்லை. மதிக்கிற பாட் மதிக்கும், மற்றது தன்னிஷ்டப்படி உள்ளே வரும்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது திருடர் வகை. நீங்கள் கையால் எழுதிய வெறும் எச்டிஎம்எல் தளம் வைத்திருப்பீர்கள், வேர்ட்பிரஸ் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். ஆனாலும் லாகில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டு வரிசையாக 404 விழுந்திருக்கும், அப்புறம் கடவுச்சொற்கள் வைக்கும் டாட்-ஈஎன்வி கோப்பு, நிரலின் பழைய பதிப்புகள் கிடக்கும் டாட்-கிட் அடைவு, தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள் இவை. உங்களை யாரும் குறிவைக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இந்த வரிகளைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

லிங்க்கை எங்காவது பகிர்ந்த உடனே வரும் கூட்டமும் பாட்தான். டெலிகிராமிலோ ஸ்லாக்கிலோ ஒட்டினால், தலைப்பும் படமும் காட்டுவதற்காக அவற்றின் சர்வர் வந்து பக்கத்தை எடுத்துப்போகும். பல தனித்தனி சர்வர்கள் சேர்ந்த சமூக வலைத்தளமான மாஸ்டடான் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக முன்னோட்டம் எடுப்பதால், பின்தொடர்பவர் அதிகம் உள்ள ஒருவர் பகிர்ந்தால் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான வேண்டுகோள் வந்து குவியும். ஆகா, கட்டுரை பற்றிக்கொண்டது என்று துள்ளிக் குதிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் யாரும் படிக்கத் தொடங்கியிருக்கவே மாட்டார்கள்.

நல்ல பாட் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். சொல்லாததை எப்படிப் பிடிப்பது? பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் படத்தையோ வடிவமைப்புக் கோப்பையோ தொடாமல் போனால் சந்தேகம்தான் (ஏற்கெனவே வந்துபோன மனிதரின் உலாவியும் சேமித்து வைத்த படத்தையே காட்டிவிடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது). 2017-இல் வந்த குரோம் 60-ஐ இன்னும் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் யாரோ எப்போதோ எழுதி மறந்த நிரல். ஒரு நொடியில் பத்து கட்டுரை படித்தால் சொல்லவே வேண்டாம். ஊர்ப் பட்டியலில் அமெரிக்காவின் ஆஷ்பர்ன் முதலிடத்தில் வந்தால், வர்ஜீனியாவில் உங்களுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது என்று பொருள் இல்லை. அந்த வட்டாரம் டேட்டா சென்டர்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம், அமேசானின் மிகப் பழைய கிளவுட் மண்டலமும் அங்கேதான். கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருவதிலும் போலி உண்டு. அந்த ஐபி முகவரியைத் திருப்பித் தேடி கூகுளின் டொமைன் பெயர் வருகிறதா, அந்தப் பெயரைத் தேடினால் மறுபடி அதே ஐபி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஸ்கிரிப்ட் வைத்து எண்ணிவிடலாமே என்றால், பாதி சரி. பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் எண்ணும்போது எளிய பாட்கள் தாமாகவே கழிந்துவிடும், ஏனென்றால் அவை ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. 4,000 அங்கே 60 ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் விளம்பரத் தடுப்பான்கள் பெரும்பாலும் இந்த எண்ணும் ஸ்கிரிப்டையும் நிறுத்திவிடுவதால், அவற்றை வைத்திருக்கும் மனிதர்களும் கூடவே கழிந்துவிடுவார்கள். எத்தனை பேர் என்பது யார் உங்கள் வாசகர் என்பதைப் பொறுத்தது. எலக்ட்ரானிக்ஸ், லினக்ஸ், நிரலாக்கம் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த இழப்பு அதிகம், ஏனென்றால் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ஆக லாக் கூட்டிச் சொல்லும், ஸ்கிரிப்ட் குறைத்துச் சொல்லும், உண்மை நடுவில் எங்கோ. எங்கே என்று அறுதியிட்டுச் சொல்லும் கருவி கிடையாது.

கூகுள் அனலிட்டிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005-இல் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அதை இலவசமாகத் திறந்துவிட்டது. கடை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் கொடுப்பவர்களுக்கும் செய்த கருவி, பொழுதுபோக்குத் தளத்துக்கு அது எப்போதுமே அளவு பெரிய சட்டைதான். பழைய யுனிவர்சல் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு சேகரிப்பதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு பழைய தரவைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது, இறக்கி வைக்காதவர்களுக்குப் பல வருடக் கணக்கு போயே போய்விட்டது. இப்போதைய பதிப்பான ஜிஏ4-இல் சில அறிக்கைகளில் ஆள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனிமனிதரை அடையாளம் காணாதிருக்க அந்த வரிகளையே மறைத்துவிடும். நியாயமான ஏற்பாடு, ஆனால் தினமும் பத்து பேர் வரும் தளத்துக்கு அறிக்கையில் ஓட்டைதான் மிஞ்சும். என்னைக் கேட்டால், சர்வர் லாகைப் படித்து அறிக்கை தரும் கோஅக்சஸ் போன்ற ஒன்றில் போட்டுப் பார்ப்பதும், தேவைப்பட்டால் கோட்கவுண்டர் மாதிரி இலகுவான எண்ணும் கருவி ஒன்றும் சின்ன தளத்துக்குப் போதும். ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டு, பழைய லாகைச் சில வாரத்தில் நீக்கிவிடுவதும் நல்ல பழக்கம். ஐபி முகவரியையும் தனிநபர் தரவாகக் கொள்ள முடியும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இலேயே சொல்லிவிட்டது.

வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற பட்டியலும் வருடா வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு காலத்தில் கூகுளிலிருந்து வந்தவர் என்ன சொல் போட்டுத் தேடினார் என்பதே லாகில் தெரியும். 2011 அக்டோபரில் கூகுள், உள்நுழைந்த பயனர்களின் தேடலை மறையாக்கத் தொடங்கியபோது அது மறையத் தொடங்கி, இரண்டே ஆண்டில் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. 2020-இல் குரோம் 85 வந்தபின் மற்ற தளங்களிலிருந்து வருபவர்களும் எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்வதில்லை, டொமைன் பெயரோடு நின்றுவிடும். வாட்ஸாப்பில் வந்த லிங்க்கைத் தட்டியவர், மின்னஞ்சல் செயலியிலிருந்து வந்தவர், புக்மார்க் வைத்திருப்பவர் எல்லாரும் நேரடி என்ற ஒரே மூட்டையில் விழுவார்கள். அதனால் நேரடி வருகை கூடினால் உங்கள் முகவரியை மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, எங்கோ ஒரு குழுவில் லிங்க் சுற்றுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். புதிதாக ஒன்று: சாட்ஜிபிடி தன் பதிலில் தரும் லிங்க்குகளின் வாலில் தன் பெயரைச் சேர்த்து அனுப்புவதால் அங்கிருந்து வருபவர்களை முகவரியைப் பார்த்தே பிரித்துவிடலாம். பட்டியலில் அறிமுகமில்லாத ஏதோ தளம் திடீரென்று நூறு பேரை அனுப்பியதாகக் காட்டினால் அதைத் தட்டிப் பார்க்காதீர்கள். தளக்காரர்கள் ஆவலில் தட்டுவார்கள் என்பதற்காகவே போலியாகப் பதிக்கப்படும் முகவரிகள் அவை.

நாடு, ஊர் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. நாடு ஓரளவு சரி, ஊரை நம்பாதீர்கள். ஐபி முகவரிக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்கா என்று மட்டும் தெரிந்து வேறு எதுவும் தெரியாத முகவரிகளுக்கு நாட்டின் நடுப்புள்ளியை ஒட்டிய ஓர் இடத்தைக் கொடுத்து வைத்திருந்தது. அது கான்சஸில் ஒரு பண்ணை வீடு. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி என்று விசாரிக்கப் போலீஸ்காரர்கள் அந்த வாசலில் போய் நின்ற கதை 2016-இல் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஒரு ஏரிக்கு மாற்றினார்கள்.

பக்கத்தில் செலவிட்ட நேரம் என்று ஒன்று இருக்கும். பழைய முறையில் அது அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழித்துக் கிடைத்தது. அடுத்த பக்கமே திறக்காதவருக்குக் கழிக்க ஒன்றும் இல்லை, அதனால் பூஜ்யம். உங்கள் ரேடியோ கட்டுரையை வரிவரியாகப் படித்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாலிடர் செய்து முடித்துவிட்டு மூடிய மனிதர், வந்தவுடன் ஓடிப்போனவராகப் பதிவானார். புதிய கருவிகள் பக்கம் கண்முன் திறந்திருந்த நேரத்தை அளக்கின்றன, பரவாயில்லை. ஆனாலும் ஒரே பக்கத்தோடு திரும்பும் விகிதம் அதிகம் என்பதற்காக ஒரு பொழுதுபோக்குத் தளக்காரர் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை. தேடி வந்தார், பதில் கிடைத்தது, போனார். வேறு என்ன வேண்டும்?

அடுத்தது ஏற்ற இறக்கம், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 25 பேர் வரும் தளத்தில் நேற்று 33, இன்று 18 என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாமல் வருபவர்களின் எண்ணிக்கை, சராசரியின் வர்க்கமூல அளவுக்குத் தானாகவே மேலும் கீழும் ஆடும். 25-க்கு வர்க்கமூலம் 5, அதன் இரு மடங்கு வரை, அதாவது 15-இலிருந்து 35 வரை, சாதாரண ஆட்டம். போதாக்குறைக்கு வாரநாள், வாரயிறுதி வித்தியாசம் வேறு. நேற்றுப் போட்ட புதுத் தலைப்புப் படத்தால்தான் கூடியது, எழுத்துருவை மாற்றியதால்தான் குறைந்தது என்று கதை கட்டுவது எளிது, கதைக்கு ஆதாரம்தான் இருக்காது. லட்சக்கணக்கில் வரும் தளங்களில் தினசரி எண்ணுக்குப் பொருள் உண்டு. நம்மைப் போன்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் தாராளம். சராசரியை விட, தினசரி எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண் நல்லது, யாரோ பகிர்ந்து ஒரே நாளில் ஆயிரம் பேர் வந்துபோனால் அந்த மாதச் சராசரியே பொய்யாகிவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மொத்த எண்ணை விட்டுவிட்டு வரிகளைப் பாருங்கள் என்பேன். எந்தப் பழைய பக்கம் சத்தமில்லாமல் மாதாமாதம் ஆள் இழுக்கிறது என்பது முதல் விஷயம். பெரும்பாலான தளங்களில் இரண்டு மூன்று பக்கங்கள்தான் பாதிக்கு மேல் சுமக்கும், அவை நீங்கள் பெருமையாக நினைப்பவையாக இருக்காது. அடுத்து 404 பட்டியல். திருடர் பாட்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நீங்கள் பெயர் மாற்றிய ஒரு பக்கத்துக்கு இன்னும் யாரோ லிங்க் கொடுத்திருப்பதும், தினமும் அங்கே வந்து மனிதர்கள் முட்டிக்கொள்வதும் தெரியும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்கு அனுப்பும் ஒரு 301 திருப்பல் எழுதினால் முடிந்தது. புதுப் பதிவுகளை வாசகரின் வாசிப்பான் செயலிக்குக் கொடுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை இருந்தால் லாகில் அதை எடுக்க வரும் வாசிப்பான்களின் பெயரைப் பாருங்கள். ஃபீட்லி போன்ற சில, எத்தனை சந்தாதாரர்களுக்காக எடுக்கிறோம் என்பதைப் பெயரோடு சேர்த்தே சொல்லும். தளத்தை விரும்பித் தொடர்கிறவர்களைப் பற்றி நேரடியாகக் கிடைக்கும் எண் கிட்டத்தட்ட அது ஒன்றுதான்.

ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது சர்ச் கன்சோலில் வரும் தேடல் சொற்கள். லாகிலிருந்து காணாமல் போனது இங்கே ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. மிக அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள் என்பதால் சொல்வாரியாகக் கூட்டினால் மொத்தத்துக்கு வராது, அது இருக்கட்டும். தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை நிறைய, கிளிக் கொஞ்சம் என்று இருக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சில நேரம் பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. சில நேரம் வேறு கதை. ரேடியோ பக்கம் எழுதும்போது பாகங்களை மாற்றுவதைப் பற்றித்தான் யோசித்திருப்பீர்கள், ஆனால் அந்தப் பக்கத்துக்கு வரும் தேடல்களில் பாதி ரேடியோவில் வரும் இரைச்சலைப் பற்றி இருக்கும். பக்கத்தில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும், தலைப்பிலும் அந்தச் சொல் இராது. இரைச்சலுக்குக் காரணமாகக்கூடிய வடிகட்டி மின்தேக்கி எப்போது கெடும், எப்படிச் சோதிப்பது என்று இரண்டு பத்தி சேர்த்துவிட்டு, ஓரிரு மாதம் கழித்து அதே சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவுதான் வைத்திருக்கும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.